ஜப்பானில் மாஸ்டர்ஸ் என்று கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும் முன், உங்கள் பெயரில் மெயில் போடுவது யார் என்று கேளுங்கள்

ஜப்பானில் மேற்படிப்புக்கு என்று கன்சல்டன்சி படியேறப் போகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். என் பெயரில், எனக்குத் தெரியாமல், ஜப்பானியப் பேராசிரியர்களுக்கு என்னென்னவோ எழுதி அனுப்பினார்கள். வந்த பதிலையும் என் கண்ணில் காட்டவில்லை. பணத்தில் பாதியைப் புகார் கொடுத்து மீட்டுவிட்டேன். அந்தப் பேராசிரியர்களிடம் போன பெயரை மீட்க எந்த ஆபீஸில் புகார் கொடுப்பது?

கன்சல்டன்சி பெயரைப் போடவில்லை. போர்டை மாற்றி மாட்டுவது அவர்களுக்கு ஒரு மத்தியான வேலை. தவிர, இதே வசனத்தோடு இதே ஆட்டத்தை ஆடும் வேறு இடங்களைப் பற்றியும் பிறகு கேள்விப்பட்டேன். ஆட்டத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

நான் சிவில் படித்தவள். கல்லூரியில் புராஜெக்ட் செய்தது மண் திரவமாதல் பற்றி. நிலநடுக்கத்தின்போது நீர் ஊறிய மணல் குழம்பாகி, மேலே நிற்கும் கட்டடத்தைத் தாங்க முடியாமல் போவது. 1964 நீகாடா நிலநடுக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெரிதாக உடையாமலே சாய்ந்து படுத்துக்கிடக்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்டில் இந்தத் துறைக்கு இருக்கும் ஆய்வுக்கூடங்களைப் பார்த்துத்தான் அங்கே போக ஆசைப்பட்டேன்.

சென்னையில் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க ஜப்பான் கொடிக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளின் படங்கள். பேசியவர் எடுத்த எடுப்பில் அப்பாவை அங்கிள் ஆக்கிவிட்டார். "அங்கிள், கவலையே படாதீங்க. பேப்பர்ஸ குடுத்துட்டுப் போங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்." மொத்தம் 1,85,000 ரூபாய், மூன்று தவணை. பதிவுக்கு 40,000. பேராசிரியரைப் பிடித்துத் தர 70,000. கடைசியாக "சிஓஇ அரசுக் கட்டணமும் டாக்குமென்டேஷனும்" என்று 75,000 (சிஓஇ என்பது ஜப்பானுக்குப் படிக்க வருவதற்கான தகுதிச் சான்று, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்). இது போதாதென்று, மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப்பில் தங்களுக்கு "கோட்டா" இருப்பதாகவும், இன்னொரு 50,000 கட்டினால் அதிலும் பெயரைச் சேர்ப்பதாகவும் காதோடு காதாகச் சொன்னார்கள். நல்லவேளை, அப்பா அதற்கு அசையவில்லை. முதல் இரண்டு தவணை கட்டினோம்.

அந்தக் கோட்டா கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மெக்ஸ்ட் என்பது ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகை. தூதரகப் பரிந்துரை வழியில் விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. நம் பக்கத்துக்குச் சென்னையிலேயே ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கிறது. அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம், அப்புறம் எழுத்துத் தேர்வு, நேர்காணல். இந்த முதல் கட்டத்தில் தேறியவர்களுக்குத்தான் துணைத் தூதரகம் முத்திரை போட்ட தாள்களைத் தரும். அவற்றைக் காட்டித்தான் பல்கலைக்கழகத்திடம் தற்காலிக ஏற்புக் கடிதம் கேட்க வேண்டும். ஆக, தேர்வே எழுதாத உங்களுக்கு அந்தக் கடிதத்தை "முன்கூட்டியே வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது வெறும் காற்று. இதைத் தவிர பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் வழி ஒன்று உண்டு. அதிலும் முடிவு செய்வது பல்கலைக்கழகமும் அமைச்சகமும்தான், நடுவில் யாருக்கும் நாற்காலி இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பதுபோல் போர்ட்டலில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் கதை ஜப்பானில் பெரும்பாலும் இல்லை, குறிப்பாகப் பொறியியல், அறிவியலில். முதலில் ஒரு பேராசிரியர் உங்களைத் தன் ஆய்வுக்கூடத்தில் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். அதற்காக அவருக்கு நீங்கள் எழுதும் முதல் மெயிலும் கூட வைக்கும் ஆய்வுத் திட்டமும்தான் பாதி விண்ணப்பம். அவர் சரி என்றாலும் சீட் உறுதி இல்லை, தேர்வோ ஆவணப் பரிசீலனையோ பின்னால் இருக்கிறது. ஆனால் அவர் முகம் திருப்பிக்கொண்டால் மிச்சத்துக்கு வேலையே இல்லை.

அந்த மெயிலைத்தான் கன்சல்டன்சி கையில் எடுத்துக்கொள்கிறது. பதிவு செய்த அன்றே என் பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு திறந்தார்கள். பாஸ்வேர்டு அவர்களிடம், மீட்பு எண்ணும் அவர்கள் ஆபீஸ் எண். "பேராசிரியர்களுக்கு எழுத ஒரு முறை இருக்கு மேடம், நீங்க எழுதினா சொதப்பிடும்" என்றார்கள். மாதங்கள் ஓடின. எப்போது கேட்டாலும் "ஜப்பான்ல பதில் வர லேட்டாகும்" என்ற ஒரே பல்லவி.

தை மாதம் பிறந்ததும் பொறுக்க முடியாமல், என் சொந்த மெயிலிலிருந்து, நான் மிகவும் விரும்பிய ஒரு பேராசிரியருக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. மரியாதையாக, ஆனால் குளிர்ந்துபோன பதில். அக்டோபரிலேயே எனக்குப் பதில் எழுதியதாகவும், இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு ஆன்லைனில் பேசலாம் என்று கேட்டிருந்ததாகவும், என்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்றும் சொல்லியிருந்தார். அந்த ஆண்டுக்கான இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். கடைசியில் ஒரு வரி: நான் அனுப்பிய ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுவதன் காரணம் புரியவில்லை.

எனக்கும்தான் புரியவில்லை. நேராக ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்துவிட்டோம். சைபர் கிரைமில் புகார் கொடுப்போம் என்று அப்பா சொன்ன பிறகுதான் பாஸ்வேர்டு வெளியே வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், ஒரே மெயில் நாற்பது ஐம்பது பேருக்குப் போயிருக்கிறது. மண்ணியல், நீரியல் சரி, பாலிமர் வேதியியல் பேராசிரியருக்கு எதற்கு? சிலருக்கு வேறொருவர் பெயரைப் போட்டு "உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஈடுபாடு" என்று போயிருக்கிறது. இணைப்பில் என் ஆய்வுத் திட்டம். தலைப்பு மண் திரவமாதல். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் ஃபிளை ஆஷ் கலந்த கான்கிரீட்டின் 28 நாள் அமுக்க வலிமை. யாரோ ஒரு பிள்ளையின் திட்டத்தில் தலைப்பையும் முதல் பக்கத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த வேர்டு கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தேன், எழுதியவர் என்ற இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் பெயர் அப்படியே இருந்தது. அவளுடைய திட்டத்தில் யார் பெயர் இருந்ததோ.

இதைவிட மோசமானது பரிந்துரைக் கடிதம். எங்கள் துறைத் தலைவரின் பெயரில், கல்லூரி லெட்டர்ஹெட்டை ஸ்கேன் செய்து ஒட்டி, கையெழுத்தோடு ஒன்று தயார் செய்து வைத்திருந்தார்கள். அவருக்கு இப்படி ஒரு கடிதம் இருப்பதே தெரியாது. அவரிடம் போய்ச் சொன்னபோது எங்கள்மீது கோபப்படாமல், அந்தக் கடிதம் தான் கொடுத்தது அல்ல என்று எழுதித் தந்தார். இது போலி ஆவணம். பின்னால் பிடிபட்டிருந்தால் மாட்டுவது கன்சல்டன்சி இல்லை, நான்.

இவ்வளவும் வெளியான பிறகும் அவர்கள் அசரவில்லை. அடுத்த சரக்கை எடுத்து நீட்டினார்கள்: மொழிப்பள்ளி. "பேராசிரியர் கிடைக்கலன்னா என்ன, லாங்குவேஜ் ஸ்கூல்ல சேர்ந்துடுங்க. ஸ்டூடன்ட் விசாதான். வாரம் 28 மணி நேரம் வேலை பாக்கலாம், ஃபீஸ் அதுலயே கட்டிடலாம்." எல்லா மொழிப்பள்ளியும் மோசம் என்று சொல்ல வரவில்லை. மொழி கற்கவே போகிறவர்களுக்கு அது நேர்மையான வழி. ஆனால் மாஸ்டர்ஸ் கேட்டு வந்தவரை அங்கே திருப்பிவிடுவதற்குக் காரணம், தலைக்கு இவ்வளவு என்று வரும் கமிஷன். அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஆயிரம் யென்னுக்குச் சற்று மேல் என்று வைத்தால், வாரம் 28 மணி நேரத்துக்கு மாதம் ஒன்றேகால் லட்சம் யென் வரலாம். வாடகை, சாப்பாடு, காப்பீடு, போன் போக அதில் என்ன மிஞ்சும்? பள்ளிக் கட்டணமோ ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் யென். போன புதிதில் ஜப்பானிய மொழி தெரியாதவருக்கு 28 மணி நேர வேலை கிடைப்பதே பெரும்பாடு.

"பேங்க் பேலன்ஸ் காட்டணுமே?" என்று அப்பா கேட்டார்.

"அதெல்லாம் நாங்களே அரேஞ்ச் பண்ணிக் காட்டிடுவோம் அங்கிள். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

அப்பா எழுந்துவிட்டார். காட்டும் பணம் எங்கிருந்து வந்தது, படிப்புச் செலவுக்குப் பொறுப்பேற்பவரின் வருமானம் என்ன என்று ஜப்பான் குடிவரவுத் துறை துருவும். பொய்க்கணக்கு தெரிந்தால் சிஓஇ நிராகரிக்கப்படும், அந்தப் பதிவும் அங்கேயே இருக்கும். மறுபடி நேர்மையாக விண்ணப்பிக்கும்போது முன்னே கொடுத்த தாளையும் இப்போது கொடுக்கும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

சிஓஇ என்றதும் பயப்படுகிறவர்களுக்காக: அது படிக்க வருவதற்கான தகுதிச் சான்று. உங்களைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகமே ஜப்பானில் உள்ள குடிவரவு அலுவலகத்தில் உங்கள் சார்பாக விண்ணப்பிக்கும். அதற்கு அரசுக் கட்டணம் கிடையாது. எங்களிடம் கேட்ட 75,000 எந்த அரசுக்கு என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

உண்மையான கட்டணங்களும் ஒளிவுமறைவு இல்லாதவை. தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வைத்திருக்கும் அடிப்படைத் தொகை இது: பட்டமேற்படிப்பு விண்ணப்பத்துக்கு 30,000 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென், ஆண்டுக் கல்விக் கட்டணம் 5,35,800 யென். சில இடங்களில் கூடுதலாக இருக்கலாம், அந்தந்த விண்ணப்பக் கையேட்டில் போட்டிருக்கும். 30,000 யென் என்பது இன்றைய மாற்றில் இருபதாயிரம் ரூபாய்க்குள். எங்களிடம் பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம் என்று தனியாகக் கேட்டது 60,000 ரூபாய்.

"சீட் வாங்கித் தந்தோம்" என்று கன்சல்டன்சிகள் காட்டும் இன்னொன்று கென்க்யூசெய், அதாவது ஆய்வு மாணவர் இடம். இது பட்டப்படிப்பே இல்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு, மாஸ்டர்ஸ் நுழைவுத் தேர்வுக்குத் தயாராவதற்கான இடம். பலருக்கு நல்ல படிக்கட்டு, ஆனால் தேர்வில் தேறாவிட்டால் மாஸ்டர்ஸ் இல்லை. கையில் வந்த கடிதத்தில் எந்த நிலையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஊரில் இனிப்பு கொடுங்கள். மூன்று வருடப் பட்டம் வைத்திருக்கும் பி.எஸ்சி., பி.காம். காரர்கள், தங்களுக்கு முன்கூட்டியே தகுதிப் பரிசீலனை தேவையா என்று பல்கலைக்கழக அலுவலகத்திடமே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

பேராசிரியரைத் தேடுவதும் ரகசிய வித்தை இல்லை. ரிசர்ச்மேப் என்ற இலவசத் தளத்தில் ஜப்பானிய ஆய்வாளர்களின் கட்டுரைகள், பணியிடம் எல்லாம் இருக்கின்றன. சில இடங்களுக்குத் தனி வழி உண்டு. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் பல துறைகளில், பேராசிரியருக்கு எழுதும் முன் ஏஏஓ என்ற சேர்க்கை உதவி அலுவலகம் வழியாக ஆவணங்களைச் சரிபார்த்தாக வேண்டும். இது தெரியாமல் கன்சல்டன்சி அங்கேயும் பொது மெயிலைத் தட்டிவிட்டிருந்தது. அப்புறம் கடைசித் தேதி: தபாலில் ஆவணம் கேட்கும் இடங்களில், பெரும்பாலும் அந்தத் தேதிக்குள் உறை அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு இங்கே கூரியரில் போட்டால் செல்லாது.

பணத்துக்கு வருகிறேன். முதலில் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டோம். சரிபார்க்க என்று வாங்கியவர்கள், மீதித் தவணை கட்டினால்தான் தருவோம் என்று இழுத்தார்கள். யாரிடமும் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தோம். "கட்டிய பணம் திரும்பத் தரப்படாது" என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தது. போலிக் கடிதத்தின் நகலையும் துறைத் தலைவர் எழுதித் தந்ததையும் வைத்து நோட்டீஸ் அனுப்பியதும், பேராசிரியரைப் பிடிக்க என்று வாங்கிய தொகையில் 55,000 வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்கிறது. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கட்டியது எங்களுக்கு இதில் பெரிய துணை.

அடுத்த சுற்றில் நானே எழுதினேன். ஒவ்வொருவருடைய கட்டுரையையும் படித்து, என் புராஜெக்டில் கிடைத்த முடிவோடு சேர்த்து, அரைப்பக்க மெயில். முன்பு பொது மெயில் போயிருந்தவர்களுக்கு, முதலில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. சிலர் பதிலே போடவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறொரு பேராசிரியர் சம்மதித்தார், தேர்வில் தேறி இப்போது அங்கேதான் படிக்கிறேன்.

போன மாதம் தோழி ஒருத்தி அந்த கன்சல்டன்சியின் விளம்பரத்தை எடுத்து அனுப்பினாள். வெற்றி பெற்ற மாணவர்கள் என்ற வரிசையில் என் படம், பதிவு அன்று கொடியின் முன் நிற்கவைத்து எடுத்தது. எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. அதையும் வழக்கில் சேர்க்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.