கடிதமா, காணொளி அழைப்பா? ஊழியத்துக்குப் போன பிள்ளையும் காத்திருக்கும் வீடும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோர்மன் என்று அழைக்கப்படும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்த இளைஞர், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, தாம் தேர்ந்தெடுக்காத ஓர் ஊருக்கு, பல வேளைகளில் தமக்குத் தெரியாத மொழி பேசும் மக்களிடையே, 24 மாதங்கள் ஊழியம், அதாவது சபையின் போதனையைப் பரப்பும் பணி, செய்யப் புறப்படுகிறார். பெண்களுக்கு அந்தக் காலம் 18 மாதங்கள். இளைஞர்கள் புறப்படக்கூடிய குறைந்தபட்ச வயது 2012 அக்டோபரில் 19இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டதால், வீட்டைவிட்டு ஓர் இரவுகூடத் தனியே தங்கியிராத பிள்ளைகளும் இன்று அந்த விமானத்தில் ஏறுகிறார்கள். இடையில் ஊருக்கு வர விடுமுறை கிடையாது. பெற்றோர் போய்ப் பார்த்துவரும் வழக்கமும் இல்லை. பிள்ளைக்கும் வீட்டுக்கும் நடுவே எஞ்சியிருப்பது வார்த்தைகள்தாம். அவை காகிதத்தில் போக வேண்டுமா, மின்னஞ்சலில் போக வேண்டுமா, திரையில் முகம் பார்த்துச் சொல்லப்பட வேண்டுமா என்பதைப் பல ஆண்டுகள் சபையின் விதியே முடிவு செய்துவந்தது. இப்போது அந்த முடிவு பெருமளவு குடும்பத்தின் கைக்கு வந்துவிட்டதால், ஒவ்வொரு வழியும் என்ன தருகிறது, எதைப் பறித்துக்கொள்கிறது என்று நிதானமாகப் பார்ப்பது அவசியமாகிறது.

‘மோர்மன்’ என்பது பிறர் வைத்த பெயர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரையே பயன்படுத்தும்படி 2018இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. ஆகவே இனிச் சபை என்றே குறிப்பிடுகிறேன். 2019 பிப்ரவரி 15 வரை சபையின் ஊழியர்கள் வாரம் ஒருமுறை கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பலாம். தொலைபேசியில் பேசுவதோ, பொதுவாக ஆண்டுக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸ் நாளிலும் மே மாதத்து அன்னையர் தினத்திலும் மட்டும். அந்த நாளில் வந்த அறிவிப்பு, துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் வாரத்தில் ஒதுக்கப்பட்ட ‘ஆயத்த நாளில்’ வீட்டாருடன் தொலைபேசியிலும் காணொளியிலும் பேசலாம் என்று அனுமதித்தது. அப்போது உலகெங்கும் ஊழியத்தில் இருந்தவர்கள் சுமார் 65,000 பேர். இரண்டு ஆண்டுகளில் நான்கு அழைப்புகள் என்றிருந்த கணக்கு, விரும்பினால் நூற்றுக்கும் மேல் என்று ஒரே நாளில் மாறியது. பழைய விதியின் கடுமையை உணர நாள்காட்டியைப் பார்த்தாலே போதும்: கிறிஸ்துமசிலிருந்து அன்னையர் தினம் வரை நாலரை மாதம், அங்கிருந்து அடுத்த கிறிஸ்துமஸ் வரை ஏழரை மாதம். அந்த ஏழரை மாதமும் தாய் தன் பிள்ளையின் குரலைக் கேட்கமாட்டாள்.

இருந்தும், அந்தப் பழைய ஏற்பாட்டை வெறும் கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. கடிதத்துக்கு ஆதரவாகப் பேசுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1995 முதல் 2008 வரை சபையின் தலைவராக இருந்த கார்டன் பி. ஹிங்க்லி, 1933இல் 23 வயது இளைஞராக இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஊழியத்தைத் தொடங்கினார். உடல்நலம் சரியில்லை, தெருவில் நின்று பிரசங்கித்தால் கேட்பாரில்லை, பொருளாதார மந்தம் எல்லோரையும் வாட்டிய காலம் அது. தம் நேரத்தையும் தந்தையின் பணத்தையும் வீணாக்குகிறோமோ என்று தோன்றியதை அப்படியே தந்தைக்கு எழுதினார். யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வந்த பதில் மிகச் சிறியது: கடிதம் கிடைத்தது, எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான், உன்னை மறந்துவிட்டு வேலையில் இறங்கு. இளைஞர் தம் அறைக்குப் போய் மண்டியிட்டார். தம் வாழ்வில் பின்னால் வந்த நன்மைகள் யாவும் அந்த நாளின் தீர்மானத்திலிருந்தே தொடங்கின என்று முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிகழ்ச்சியில் தந்தையின் அறிவுரையைப் போலவே என்னை ஈர்ப்பது இடையில் கடந்துபோன நாட்கள். வட அட்லாண்டிக்கைத் தாண்டி விமானத் தபால் முறையாக ஓடத் தொடங்கியது 1939இல்தான். ஆகவே மகன் எழுதியது கப்பலில் போய், அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து, பதில் அதே வழியில் திரும்பியிருக்க வேண்டும். அந்த வாரங்களில் மகன் தினமும் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார். தந்தைக்கும், பதறியடித்து ஏதாவது சொல்லிவிடாமல், சொல்ல வேண்டியதை இரண்டு வரிக்குச் சுருக்கிக்கொள்ள அவகாசம் கிடைத்திருக்கிறது. அன்றைக்கே திரையில் மகனின் வாடிய முகத்தைப் பார்த்திருந்தால் எந்தத் தந்தைக்கும் அந்த இரண்டு வரி வாயில் வந்திருக்காது. சரி, திரும்பி வந்துவிடு என்றுதான் வந்திருக்கும். எழுதுகிறவர் தம் வாரத்தைத் தாமே ஒருமுறை திரும்பிப் பார்க்க நேர்வதும், படிக்கிறவர் அதை மறுபடியும் மறுபடியும் எடுத்துப் படிக்க முடிவதும் கடிதம் தருகிற பலன்கள். வேறெந்த வழியும் இவ்விரண்டையும் ஒருசேரத் தருவதில்லை.

ஆனால் இங்கே ஒரு நேர்மையான மறுப்பையும் சொல்லியாக வேண்டும். பிரெஸ்டன் கடிதம் நமக்குத் தெரிந்திருப்பது அது நல்லவிதமாக முடிந்ததனால்தான். அதே போன்ற மனச்சோர்வை எழுதத் துணியாமல், எல்லாம் நலம், மழை அதிகம், சாப்பாடு பழகிவிட்டது என்று வாராவாரம் எழுதி அனுப்பிய இளைஞர்களின் கடிதங்களை யாரும் மேடையில் படித்துக்காட்டுவதில்லை. கடிதம் சிந்திக்க இடம் கொடுக்கிறது; மறைக்கவும் அதே அளவு இடம் கொடுக்கிறது. ஊழியத்துக்குப் போன பிள்ளை தளர்ந்துவிடக் கூடாது என்ற எதிர்பார்ப்பு வீட்டிலும் ஊரிலும் எவ்வளவு கனமானது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த ‘எல்லாம் நலம்’ எவ்வளவு எளிதாகப் பேனாவிலிருந்து வரும் என்பதும் தெரிந்திருக்கும்.

காணொளி அழைப்பின் முதன்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. எடை குறைந்திருப்பதையும், கண்ணுக்குக் கீழே கருத்திருப்பதையும், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழுகிற மௌனத்தையும் பெற்ற தாய் அரை நிமிடத்தில் கண்டுகொள்வாள். மருத்துவரிடம் போக வேண்டிய வலியைப் பிள்ளை பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் அது அந்த வாரமே தெரியவரும். முன்போல் அன்னையர் தினம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் மூன்று வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால், பழைய விதியின் கீழ் ஐந்து வயதாகும்போது அண்ணனின் முகமே அந்தக் குழந்தைக்கு மறந்துபோயிருக்கும். இன்று அது நேர்வதில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊழியத்தில் இருப்பவரை எல்லோரும் குடும்பப் பெயரோடு ‘மூப்பர்’ என்றோ ‘சகோதரி’ என்றோதான் அழைப்பார்கள்; இரவும் பகலும் உடனிருக்கும் துணை ஊழியரும் அப்படியே. வாரம் முழுவதும் அவருக்குச் சொந்தப் பெயர் இல்லை. ஆயத்த நாளில் திரைக்கு அப்பாலிருந்து வீட்டில் வைத்த பெயர் காதில் விழுவது சிறிய விஷயமாக வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அழைப்பின் குறைகளும் உண்மையானவை. ஊழியர்கள் எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும் என்பதால், பேச்சு பெரும்பாலும் துணை ஊழியர் உட்கார்ந்திருக்கும் அதே அறையில் நடக்கிறது. அவரோடுதான் ஒத்துப்போகவில்லை என்றால், அதை எப்படிச் சொல்வது? அந்தத் துணை ஊழியர் வீட்டார் விருப்பத்துக்கு மாறாகச் சபையில் சேர்ந்தவராக இருந்தால் நிலைமை இன்னும் வேதனையானது: ஒருவர் அரைமணி நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, மற்றவர் அழைக்க யாரும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தாளில் எழுதினால் இந்த இரண்டு இக்கட்டும் இல்லை. மேலும், வீட்டு ஏக்கம் பலருக்கும் பேசப் பேசத் தணிவதைவிடப் பேசி முடித்த கணத்தில் கூடிவிடுகிறது. ஆறத் தொடங்கிய இடத்தை வாராவாரம் கீறிப்பார்ப்பது போலாகும் என்று அஞ்சும் பெற்றோரின் கவலையை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

நேர வேறுபாடும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஆயத்த நாள் பெரும்பாலும் திங்கட்கிழமை. மணிலாவில் திங்கள் காலை ஒன்பது மணி என்றால் யூட்டாவில், குளிர்காலக் கணக்கில், ஞாயிறு மாலை ஆறு மணி. தேவாலயம் போய்வந்த குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்கும் வேளை. இங்கிலாந்தில் இருப்பவருக்கு அப்படி வாய்க்காது. அங்கே காலை ஒன்பது என்றால் யூட்டாவில் இரவு இரண்டு மணி. அங்கே பகல் இரண்டு மணிக்கு அழைத்தால்தான் யூட்டாவில் காலை ஏழு. தங்கைகள் பள்ளிப் பேருந்துக்கு ஓடுவதற்கு முன் நின்றபடியே பேசிவிட்டுப் போக வேண்டியிருக்கும். அழைப்பைத் தொடங்க வேண்டியவர் ஊழியர்தான் என்பது புதிய விதியின் ஒரு கூறு. அதனால் வீட்டார் காத்திருக்கத்தான் வேண்டும். அழைப்பு வராத திங்கட்கிழமை, கடிதம் வராத வாரத்தைவிட அதிகமாகப் பயமுறுத்துகிறது.

மின்னஞ்சல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டின் நன்மையையும் தருவதாகத் தோன்றினாலும், என் மதிப்பீட்டில் அது இரண்டையும் பாதிப்பாதியாகத்தான் தருகிறது. அது உடனே போய்ச் சேர்கிறது, நேர வேறுபாடு அதற்குத் தடையில்லை, படங்களைச் சேர்த்து அனுப்பலாம், எதுவும் தொலைந்துபோவதில்லை. ஒரு காலத்தில் ஊழியர்கள் பொது நூலகத்திலோ இணைய மையத்திலோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்த நெருக்கடியும் கைப்பேசி வந்த பிறகு குறைந்துவிட்டது. ஆனால் அதன் இயல்பான வடிவம் பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் வாராந்திர மடலாக ஆகிவிட்டது. பாட்டிக்கும், பழைய ஆசிரியருக்கும், சபையின் உள்ளூர் பேராயருக்கும், பள்ளித் தோழர்களுக்கும் சேர்த்து எழுதும்போது எவரிடமும் மனம் திறக்க முடியாது. எத்தனை வீடுகளுக்குப் போனோம், என்ன சாப்பிட்டோம், யார் ஞானஸ்நானம் பெற்றார் என்ற செய்தியறிக்கையாக அது சுருங்கிவிடுகிறது. அம்மாவுக்கு மட்டும் தனியே நான்கு வரி எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நான்கு வரியே மின்னஞ்சல், மற்றதெல்லாம் சுற்றறிக்கை.

குறுஞ்செய்திகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வந்து சேர்ந்தேன், பொதி கிடைத்தது, தம்பிக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்பதற்கு அவை போதும். பழைய தலைமுறையின் ஒலிநாடாக்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை: வீட்டார் முழுவதும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்து தபாலில் அனுப்புவார்கள், பிள்ளை அதைப் பல முறை போட்டுக் கேட்பார். குரலும் கிடைத்தது, அவகாசமும் இருந்தது. இன்றைய குரல் பதிவுகள் அந்த இடத்தை நிரப்பக்கூடியவை என்றாலும், ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுவதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

செலவு ஒரு காலத்தில் இந்தக் கேள்வியைத் தானே தீர்த்துவைத்தது. வெளிநாட்டு அழைப்பின் விலைக்குப் பயந்தே பலர் எழுதினார்கள். அமெரிக்கக் குடும்பம் ஊழியத்துக்காக மாதந்தோறும் கட்டும் தொகை 2020 ஜூலையில் 400 டாலரிலிருந்து 500 டாலராக உயர்ந்தது. அழைப்புக்குத் தனியாகச் செலவு எதுவும் இப்போது இல்லாததால், பணத்தைக் காரணம் காட்டி ஒன்றைத் தேர்வது இனி இயலாது.

என்னைக் கேட்டால், அழைப்பையும் கடிதத்தையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வைக்க மாட்டேன். இரண்டுக்கும் வெவ்வேறு வேலை கொடுப்பேன். முதல் இரண்டு மூன்று மாதங்களில், மொழி பிடிபடாமல், துணை ஊழியரும் புதியவராக இருக்கும்போது, வாரந்தோறும் அழைப்பு இருக்கட்டும். ஆனால் அரைமணிக்கு மேல் நீள வேண்டாம், அதில் முதல் பத்து நிமிடம் சின்னவர்களுக்கு. கால் ஊன்றிய பிறகு, ஒரு வாரம் அழைப்பு, மறுவாரம் தாளில் எழுதிய கடிதம் என்று மாற்றிக்கொள்ளலாம். தபால் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும் நாடாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, அசலைத் தபாலில் சேர்த்தால், ஊழியம் முடியும்போது வீட்டில் ஏறத்தாழ ஐம்பது கடிதங்கள் ஒரு பெட்டியில் இருக்கும். அழைப்புகளில் பேசியது எதுவும் அப்போது கையில் இருக்காது. தந்தையர் எழுத வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்வேன். அழைப்புகளில் அம்மாவே பேசி முடித்துவிட, கேமராவின் ஓரத்தில் கையசைத்துவிட்டு நகர்ந்துவிடும் தந்தையரிடம் மகனுக்குச் சொல்ல இரண்டு வரி எப்போதும் இருக்கும்.

வீட்டிலிருந்து போகும் உறையில் துணை ஊழியருக்கென்று தனியாக ஒரு தாளும் இருக்கட்டும். முகவரியும் பெயரும் மகனிடம் கேட்டால் கிடைக்கும். அவருக்கு வீட்டிலிருந்து கடிதம் வருகிறதா என்பதையும் அந்தத் திங்கட்கிழமையே கேட்டுவிடலாம்.