ஜப்பான் மழைக்கோட்டு: ஏழு மழைக்காலமும் ஒரு மடிக்குளமும்

போன வாரம் கூட்டுக்காரன் ஒருவன் போன் பண்ணினான். "மக்கா, நீ போட்டுட்டுத் திரியிற அந்த ஜப்பான் கோட்டு இப்போ விலை குறைஞ்சு கெடக்கு. வாங்கட்டா?" வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். முக்கால் மணி நேரம் பேசினேன். அவன் போனை வைத்த பிறகும் எனக்கு ஆறவில்லை. மிச்சத்தை எழுதித் தீர்க்கிறேன்.

2022 மே மாதம் வெளிநாட்டு ஆன்லைன் சந்தை ஒன்றில், ஜப்பான் விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கிய செட் இது. மேல்கோட்டும் கால்சட்டையும் சேர்த்துத்தான் தருவார்கள், தனித்தனியாகக் கிடையாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று வருடத்துக்கு இரண்டு மழை பார்க்கிற கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் நான். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு தினமும் பைக்கில் போய்வருகிறேன், ஒரு வழிக்கு 30 கிலோமீட்டர் பக்கம் வரும். ஏழு மழைக்காலம் முடிந்து எட்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே பார்சலைப் பிரித்த அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களோடு என்னைச் சேர்க்கவேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கோபத்தில் மறந்துவிடும்.

இதற்கு முன் வைத்திருந்தது நம் கடைகளில் கிடைக்கிற பி.வி.சி. கோட்டு. புதிதில் மேசை விரிப்பு வாடை அடிக்கும். மழை நிற்கும்வரை சட்டை காய்ந்திருக்கும் என்பது கடைக்காரர் சொன்னது. தக்கலை தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும் என்பது நடந்தது. அது மழையா வியர்வையா என்று முகர்ந்து பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஜப்பான் கோட்டில் அந்தப் பிசுபிசுப்பு பாதிக்குமேல் போயிற்று. முழுக்கப் போகவில்லை. வியர்வை ஆவியை வெளியே விடும் துணி என்று, எவ்வளவு ஆவி வெளியேறும் என்கிற கிராம் கணக்கெல்லாம் போட்டிருந்தார்கள். அந்த ஆவி வெளியேற வேண்டுமென்றால் கோட்டுக்கு உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்கவேண்டும். ஊட்டிக் குளிரில் அது நடக்கும். நம்மூரில் மழை பெய்யும்போதுகூடப் புழுங்கும்; வெளிக்காற்றே ஈரத்தில் முக்கியெடுத்தது போல இருக்கும்போது ஆவி எங்கே போகும்? என்னைக் காப்பாற்றியது துணியைவிட முதுகுப்பக்கம் மடிப்புக்கு அடியில் விட்டிருக்கிற காற்றோட்ட வலைதான். வண்டி நாற்பதில் போனால் முதுகு காய்கிறது.

அதையும் தாண்டி நான் எதிர்பார்க்காத ஒன்று, கோட்டின் கை. முழங்கைக்குக் கீழே கை இரண்டு அடுக்காகப் பிரிகிறது. உள்ளே மெல்லிய எலாஸ்டிக் பட்டை மணிக்கட்டைக் கவ்விக்கொள்ளும். வெளியடுக்கு அதன்மேல் குடை மாதிரி இறங்கிப் புறங்கையில் பாதியை மூடும். பைக்கில் கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தால் மற்றக் கோட்டெல்லாம் கை ஏறிக்கொள்ளும். விரலில் விழுகிற தண்ணீர் ஓடை போல முழங்கைவரை உள்ளே வரும். மூன்றரை வருடத்தில் என் வாட்ச் ஒருநாள்கூட நனையவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய 2023 டிசம்பரில், எங்கள் பக்கம் அந்த அளவு இல்லையென்றாலும், மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஒதுங்க இடமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்கும் கைக்குள் ஒரு சொட்டு இல்லை. இதை யோசித்துத் தைத்தவர் யாராக இருந்தாலும் கும்பிடலாம்.

கால்சட்டையை யோசித்தவரைப் பார்த்தால் கும்பிட மாட்டேன்.

பைக்கில் உட்கார்ந்து மழையில் போகிறவனுக்குத் தெரியும், மழைத்துணிக்கு உண்மையான பரீட்சை தோளில் இல்லை, மடியில்தான். நெஞ்சில் விழுகிற தண்ணீர் வழிந்து மடிக்கு வரும். டாங்கின்மேல் விழுவதும் சரிந்து மடிக்குத்தான் வரும். இரண்டு தொடைக்கும் நடுவே ஒரு குட்டிக்குளம் கட்டும். இந்தக் கால்சட்டையில் முன்தையல், பின்தையல், இரண்டு உள்கால் தையல் என நாலும் சேர்கிற முடிச்சு, குளத்தின் அடியில் மதகு வைத்தாற்போலச் சரியாக அங்கே இருக்கிறது. போதாததற்கு முன்பக்கம் ஒரு ஜிப். துணிக்கு 20,000 மில்லிமீட்டர் நீரழுத்தம் தாங்கும் சக்தி என்று போட்டிருந்தார்கள். இருபது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி வைத்தாலும் துணி வழியே கசியாது என்று அர்த்தம். நான் குறை சொல்லவில்லை, துணி கசியவில்லைதான். தையல் ஓட்டைகளை உள்ளிருந்து மூடியிருக்கிற டேப் அந்த முடிச்சில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி மேடாக இருக்கும். நான் சீட்டில் நகர்ந்து நகர்ந்து உட்கார, முதல் வருட ஐப்பசியிலேயே அதன் ஓரம் உரியத் தொடங்கிற்று.

அப்புறம் நடந்ததை நாகரிகமாக எழுதுவது கஷ்டம். மேலே சட்டை காய்ந்து, வாட்ச் காய்ந்து, தலை காய்ந்து, ஆபீஸ் வாசலில் கோட்டைக் கழற்றினால் பேண்டில் மட்டும், வேறெங்கும் இல்லாமல் அங்கே மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். முழுசாக நனைந்து வருகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்காக ஆபீசில் ஒரு மின்விசிறிக்கு அடியில் நாற்காலியே ஒதுக்கிவிட்டார்கள்.

விற்பனையாளருக்குப் படத்தோடு எழுதினேன். மறுநாளே பணிவான பதில் வந்தது. மன்னிப்பு நாலு வரி. கடைசியில் ஒரு வாக்கியம்: இது சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கான உடை, மோட்டார் சைக்கிளுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. விற்பனைப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'பைக்கில் வேலைக்குச் செல்வோருக்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தானே வாங்கினேன்? ஜப்பானிய மூலத்தைத் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே 'ஜிதென்ஷா' என்று இருந்தது, அதாவது சைக்கிள். ஆங்கிலத்தில் சைக்கிளையும் பைக் என்பார்கள், எந்திர மொழிபெயர்ப்பு அதைப் பைக் ஆக்கிவிட்டது. இதில் வேடிக்கை, ஜப்பான்காரர்களும் நம்மைப் போலவே 'பைக்கு' என்றால் மோட்டார் சைக்கிளைத்தான் சொல்வார்கள். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் பைக் என்றால் ஒன்றேதான். நடுவில் ஆங்கிலம் புகுந்து ஆளை மாற்றிவிட்டது. சைக்கிள் மிதிக்கிறவனுக்கு முழங்கால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், மடியில் தண்ணீர் தங்காது. அவனுக்கு அந்தத் தையல் போதும். நான் அசையாமல் குளம் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். மழைக்கோட்டுக்கு ஜப்பானில் 'கப்பா' என்று பெயர், போர்ச்சுகீசியரிடமிருந்து போன சொல். கப்பா என்று கேட்டால் எங்களூர்க் கேரள எல்லையில் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தட்டில் வைப்பார்கள். சொல்லை நம்பி வாங்கியது என் தப்புதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஆகாது என்று ஒரு வரி போட எவ்வளவு நேரமாகும்?

திருப்பி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பும் கூலி நான் கொடுக்கவேண்டும், கட்டிய சுங்கவரியை நான் துரத்தவேண்டும். அந்த வரிக் கணக்கையும் கேளுங்கள். பொருள் 4,300 ரூபாய், அனுப்புகூலி 1,900, ஆக 6,200. கூரியர்காரர் ஆதார் நகல் வாங்கிக்கொண்டார். நாலு நாள் கழித்து ரசீது வந்தது. 35 சதவீத அடிப்படை வரி, அந்த வரியின்மேல் பத்து சதவீத சமூகநலக் கூடுதல் வரி, எல்லாம் கூட்டிய தொகைக்கு 28 சதவீத ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி. மொத்தம் 77.28 சதவீதம். அதுவும் பொருளுக்கு மட்டுமில்லை, அனுப்புகூலிக்கும் சேர்த்து. 4,791 ரூபாய் வரி, அதன்மேல் கூரியரின் கையாளும் கட்டணம். வீட்டு வாசலில் விலை ஏறக்குறைய 11,700. "இந்தக் காசுக்கு மழை பெய்யுற நாளெல்லாம் காரு பிடிச்சுப் போயிருக்கலாம்லா" என்றாள் மனைவி. இது அன்றைய வரி. இன்றைய வீதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி கூட்டுக்காரனிடம் சொன்னேன். விலை ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் அனுப்புகூலி குறையாது, அதன் வரியும் குறையாது.

ஆக, பழுது பார்த்தேன். எங்கள் தையல்கார அண்ணாச்சியிடம் கால்சட்டையைக் கொடுத்து, தையல் போட்டுவிடாதீர்கள், உரிந்த டேப்பை மட்டும் ஒட்டமுடியுமா பாருங்கள் என்றேன். சாயங்காலம் போனால் முகம் மலர எடுத்து நீட்டினார். "இனி யானை இழுத்தாலும் பிரியாது." நாலு வரிசைத் தையல். ஒவ்வொரு ஊசிக்குத்தும் ஒரு புது ஓட்டை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நட்சத்திரக் கூட்டம் மாதிரி தெரிந்தது. கூலி வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டார், என்ன பேசமுடியும்? அடுத்து பஞ்சர் கடை. அவர் டேப்பைச் சுரண்டியெடுத்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ட்யூப் பேட்ச் ஒன்றை அழுத்தினார். தண்ணீர் நின்றது. ஆனால் அந்த இடம் அப்பளம் மாதிரி விறைத்துப்போய் நடக்கும்போது சத்தம் கேட்டது. மூன்றாவது வாரம் பேட்ச் தானாகக் கழன்று ஆபீஸ் படிக்கட்டில் விழுந்தது.

நியாயமாகப் பேசவேண்டுமானால் டேப் உரிந்ததில் என் பங்கும் உண்டு. முதல் வருடம் முழுக்க, வந்ததும் ஈரத்தோடு சுருட்டி வண்டியின் பக்கப்பெட்டியில் திணித்தேன். வெயில் வந்தால் பெட்டிக்குள் வேகும். இந்தத் துணியின் உள்பூச்சு பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது தானாகவே சிதையும், போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. முதலில் பிசுக்கும், அப்புறம் செதில் செதிலாக உதிரும். குடம் குடமாக வியர்க்கிற நம்மூர்க் கழுத்துக்கு வியர்வைப் பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். இப்போது வாரத்துக்கு ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறேன். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணி குடிக்கத் தொடங்கினால், மேலே ஒரு வேட்டியைப் போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் பழையபடி உருள்கிறது. மேல்கோட்டு இந்த ஐப்பசியிலும் உள்ளே வழவழவென்றுதான் இருக்கிறது. கழுத்துப்பட்டையில் மட்டும் லேசாகப் பிசுக்கு.

கால்சட்டையைப் போன வருடம் கைகழுவினேன். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் 450 ரூபாய்க்கு ஒரு நீலக் கால்சட்டை. ஜிப் இல்லை, இடுப்பில் வெறும் எலாஸ்டிக். தொடைகள் சேருமிடத்தில் சாய்சதுரமாக ஒரே துண்டுத் துணி வைத்து, தையல்களை நடுவிலிருந்து விலக்கி ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். உள்ளே வியர்க்கும், வாடை அடிக்கும், மழை நின்ற ஐந்தாவது நிமிடம் கழற்றி எறியத் தோன்றும். ஆனால் மடிக்குளம் கட்டினாலும் உள்ளே இறங்குவதில்லை. மேலே சாம்பல் பச்சையில் பதினோராயிரம், கீழே பளபளக்கும் நீலத்தில் நானூற்று ஐம்பது. சிக்னலில் நின்றால் பின்னால் வருகிறவன் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஹாரன் அடிக்கிறான்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் எல்.எல். என்று போடுவது நம் எக்ஸ்.எல்.தான், ஆனால் தொப்பையைக் கணக்கில் எடுக்காத எக்ஸ்.எல். நான் 3எல் வாங்கினேன், அது சரியாக இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கூட்டுக்காரனிடம் தீர்ப்பாகச் சொன்னது: வாங்காதே. பேசாமல் உள்ளூரில் ஆயிரத்து ஐந்நூறுக்கு ஒன்று எடு, வருடத்துக்கு ஒன்று கிழித்தாலும் எட்டு வருடம் ஓடும். அந்தக் கையைப் பற்றி அவ்வளவு புகழ்ந்துவிட்டு இது என்ன பேச்சு என்றான். கை நல்ல கைதான், வாங்காதே என்றேன்.

"அப்போ இந்த மழைக்கு ஒரு வாரம் உன் கோட்டைத் தா மக்கா. போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுகேன்."

கால்சட்டை வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போ என்றேன்.