கவலைச் சால்: தோலா, இரும்பா?

மின் மோட்டார் வருமுன் வட ஆர்க்காட்டுக் கிணறுகளில் மாடு பூட்டி நீர் இறைத்த ஏற்பாடு கவலை; அதன் பெரிய வாளியான சால், ஊர்க் காட்சியகத்துக்கு இரண்டு வகையாக வந்து சேரும்.

இரும்புச் சால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். உதிரும் துருவைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, டானிக் (tannic) அமிலக் கரைசலை மெல்லியதாகப் பூசினால் துரு கருநீலமாகி அடங்கும். காய்ந்ததும் மெழுகு. ஐப்பசி மழையில்தான் கவனம் தேவை.

தோல் சால் அப்படியில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழந்தோல் செந்தூளாக உதிர ஆரம்பித்தால், பழைய நிலைக்குத் திரும்பாது. அறையின் ஈரப்பதம் 45–55 சதவீதத்தில் நிற்க வேண்டும். வேலூர்க் கத்திரி வெயிலில் அது தானாக நடக்காது. வேப்பெண்ணெய் தடவுகிறார்கள், வேண்டாம்: தூசி ஒட்டும், நாளடைவில் தோல் விறைக்கும். வண்டு கண்டால் பாலித்தீனில் காற்றுப்புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். உள்ளே வைக்கோல் திணிக்கக் கூடாது. பூச்சிக்கு அதுவே வீடு. அமிலமற்ற தாளைச் சுருட்டி வடிவம் கொடுங்கள்.

சிக்கல், இரும்புச் சாலின் அடியிலும் தும்பி, அதாவது நீரை வெளியே விடும் தோல் குழாய், தொங்குவதுதான். ஆணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள தோல் கறுத்து நொறுங்கும். பூச்சு வேலைக்கு முன் தும்பியைப் பாலியெஸ்டர் தாளால் மறைத்துவிடுங்கள்.

ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வசதியில்லையா? இரும்பையே வாங்கிக்கொள்ளுங்கள்.