ஜெல் பிளேட்டில் மூன்று வருடம்: இலை, நூல், முறுக்கு அச்சு

தாளில் அச்சு எடுக்க மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கிய ஜெல் பிளேட் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. எட்டுக்குப் பத்து அங்குலம். தொட்டால் மெத்தென்று அமுங்கும், விரலை எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். வாங்கின புதிதில் கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது நடுவில் லேசாக ரோஸ் சாயம் ஏறியிருக்கிறது, ஒரு மூலையில் சின்ன வெட்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பயன்படுத்தியும் அச்சின் தரம் குறையவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த காசு எனக்கு வருத்தமாக இல்லை.

இதைப் பார்த்தே இராதவர்களுக்காக: பிளேட்டின் மேல் அக்ரிலிக் பெயின்ட்டை ரோலரால் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். அதன்மேல் இலையோ வெட்டிய காகிதமோ வைத்து, மேலே தாளைப் போட்டு உள்ளங்கையால் தடவி உரித்தால் அச்சு தயார். அச்சு இயந்திரம் எதுவும் தேவையில்லை, சமையல்கட்டு மேடையே போதும்.

கடையில் வாங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஜெலட்டின் பவுடர் 80 கிராம், கிளிசரின் 350 மில்லி, தண்ணீர் 700 மில்லி. கரைத்து, சூடாக்கி, தட்டையான டிரேயில் ஊற்றி, மேலே வரும் நுரையைக் காகிதத் துண்டால் வழித்து எடுத்தேன். முதல் மாதம் அருமையாக வேலை செய்தது. பள்ளம் விழுந்தால் துண்டு போட்டு உருக்கி மறுபடி ஊற்றிக்கொள்ளலாம், அது பெரிய வசதி. ஆனால் ஜெலட்டின் முப்பது முப்பத்தைந்து டிகிரி சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும் பொருள். சித்திரை வெயிலில் என் பிளேட் வியர்த்து, ஓரம் சரிந்து, தாளோடு பிய்ந்து வந்தது. ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது என்பதால் சைவமாக ஏதாவது முயலலாம் என்று கடல்பாசியிலும் (அகர் அகர்) செய்தேன். வெயிலை அது தாங்குகிறது. ஆனால் வளையாது, அழுத்தினால் விண்டுபோகும். ரோலர் நாலாவது தடவை போனதும் குறுக்கே பிளந்துவிட்டது.

கடையில் கிடைப்பது ஜெலட்டின் இல்லை. மினரல் ஆயில் கலந்த செயற்கைப் பொருள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், பூஞ்சை பிடிக்காது. எனக்கு 3,000 ரூபாய்க்கு மேல் ஆனது. தொடர்ந்து செய்யப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கலாம். ஆசைக்கு ஒரு மாதம் பார்க்கிறவர்களுக்கு ஜெலட்டினே போதும், மார்கழி, தை மாதத்தில் செய்தால்.

சரி, வடிவங்களுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

முதல் ஆறு மாதம் ஆன்லைனில் கிடைத்த ஸ்டென்சில்களாக வாங்கிக் குவித்தேன். தேன்கூடு, செங்கல் சுவர், மண்டலா. முதல் நாள் பார்க்க அழகாக இருக்கும். பத்தாவது தாளில் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். அந்த வடிவத்தை வேறு யாரோ ஏற்கெனவே முடித்து வைத்துவிட்டார்கள், நான் செய்ய அதில் ஒன்றும் மிச்சமில்லை. இப்போது அவை அலமாரியில்தான் கிடக்கின்றன.

என்னை மாற்றியது ஓர் அரச இலை. கருநீலத்தைத் தேய்த்து, இலையின் அடிப்பக்கம் பிளேட்டைத் தொடும்படி வைத்தேன். நரம்பு புடைத்திருப்பது அந்தப் பக்கம்தான். தாளைப் போட்டு உரித்தபோது கிடைத்தது இலையின் வெள்ளை நிழல் மட்டும், சுற்றிலும் நீலம். அவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்புறம் இலையைக் காம்பைப் பிடித்து மெதுவாகத் தூக்கினேன். அடியில் இருந்த பெயின்ட் அப்படியே பிளேட்டில் நின்றிருந்தது. ஒவ்வொரு நரம்பும், நரம்புக்கு நடுவே உள்ள வலையும், நுனியில் நீளும் அந்த மெல்லிய வாலும். உடனே இன்னொரு தாளைப் போட்டு அழுத்தி எடுத்தேன். அதில் வந்தது இலையின் நிழல் இல்லை, இலையேதான். இந்த இரண்டாவது அச்சை கோஸ்ட் பிரின்ட் என்பார்கள். நான் மிச்ச அச்சு என்று சொல்கிறேன். என் நல்ல தாள்களில் முக்கால்வாசி மிச்ச அச்சுதான்.

பப்பாளி, ஆமணக்கு, கொய்யா மூன்றும் நன்றாக வரும். வேப்பங்கொத்து பிரமாதம். வாழையிலையில் நரம்பு எல்லாம் இணைகோடுதான், துண்டு வெட்டி வைத்தால் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும், ஆனால் பின்னணிக்கு நல்லது. காலையில் பறித்து, கனமான புத்தகத்துக்குள் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்தால் இலை சமமாகப் படியும். காய்ந்த இலை வேண்டவே வேண்டாம், பொடிந்து பிளேட்டில் ஒட்டிக்கொள்ளும்.

இலைக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது நூல். கோலம் போட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஈரப் பெயின்ட்டில் பஞ்சுக் குச்சியால் ஐந்து புள்ளி சிக்குக் கோலம் வரைய ஆரம்பித்தால், பாதிக் கோலம் முடிவதற்குள் ஃபேன் காற்றில் பெயின்ட் காய்ந்துவிடும். அப்போதுதான் பூக்கட்டும் நூலை எடுத்தேன். முதலில் பழைய தாளின் மேல் கோலத்தை நூலால் வளைத்து ஒத்திகை பார்த்துவிட்டு, பெயின்ட் தேய்த்த பிளேட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு அதே வளைவுகளைப் போட்டேன். நூல் நூலைத் தாண்டும் இடத்தில் சற்றே மேடு தட்டுகிறது அல்லவா, அங்கே தாள் பிளேட்டைத் தொடாது. அதனால் முதல் அச்சில் ஒவ்வொரு சந்திப்பிலும் சின்ன வெள்ளைப் பொட்டு விழுந்தது. நூலை எடுத்துவிட்டு மிச்ச அச்சை எடுத்தால் அதே இடங்கள் அடர்ந்த நிறத்தில் வருகின்றன. எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்பதுகூடத் தெரிகிறது. கையால் வரைந்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

கோலத்தில் இன்னொரு சௌகரியம், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் அச்சில் இடம் வலம் மாறினாலும் கெடாது. எழுத்து அப்படி இல்லை. ‘அ’ என்று வெட்டி வைத்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழும். முன்பக்கம் கீழே போகும்படி புரட்டி வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

பிளேட்டில் வெட்டு விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முறுக்கு அச்சில் உள்ள பித்தளை வில்லைகளை எடுத்து ஈரப் பெயின்ட்டில் பதித்தேன். தேன்குழல் வில்லையின் மூன்று ஓட்டை, முள்ளு முறுக்கின் நட்சத்திரம், ரிப்பனின் நீளப் பிளவு, மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தால் புடவைக் கரை மாதிரி வரிசை வரும். அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டி, தீபாவளிக்கு முறுக்கு சுடணுமா வேண்டாமா?" என்றார். நியாயமான கேள்வி. பெயின்ட் பட்டது மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது. அம்மாவுக்குப் புது அச்சு வாங்கிக் கொடுத்துவிட்டு இதை நானே வைத்துக்கொண்டேன். ஆனால் வில்லையின் விளிம்பு கூர். ஒரு நாள் கொஞ்சம் அழுத்திவிட்டேன், மூலையில் கீறிவிட்டது. அதிலிருந்து உலோகம் எதுவானாலும் விளிம்பை உப்புத்தாளில் தேய்க்காமல் பிளேட்டின் பக்கம் கொண்டுபோவதில்லை.

நிறம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒரு தாளில் மூன்று அடுக்குக்கு மேல் போட்டால் எல்லாம் சேறாகிவிடும். வெளிறிய நிறத்தில் தொடங்கி, அடர்ந்ததில் முடிப்பது என் வழக்கம். பிளேட்டில் காய்ந்துபோன பழைய பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம். அதன்மேல் மெல்லிசாக வெள்ளையோ வெளிர் மஞ்சளோ தேய்த்துத் தாளைப் போட்டுச் சற்று நேரம் விட்டால், பழைய வடிவமும் சேர்ந்து மேலே வந்துவிடும். வாரக்கணக்கில் சேர்ந்த மிச்சங்கள் ஒரே தாளில் வரும் நாள் எனக்குத் திருநாள்.

தாளில் வழவழப்பு முக்கியம். இலை நரம்பு துல்லியமாக வருவது சாதாரண 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில்தான், சுருண்டுகொள்ளும் என்பதுதான் குறை. சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் பொட்டுப் பொட்டாக விடுபடும். ஐப்பசி அடைமழையில் அச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். அதே பட்டர் பேப்பரை பிளேட்டின் மேல் வைக்காதீர்கள். பிளேட்டோடு வந்த பிளாஸ்டிக் தாளைத் தவிர வேறு எதையாவது அதன்மேல் வைத்தே விட்டால் தடம் விழலாம். நான் ஒரு சித்திரை மாதம் பபிள் ராப்பை மறந்து அதன்மேல் விட்டுவிட்டேன், அந்த வட்டங்கள் ஓரிடத்தில் இன்னும் தெரிகின்றன.

எந்த அளவு வாங்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஐந்துக்கு ஏழு அங்குலம் மலிவு, ஆனால் ஆமணக்கு இலை அதில் அடங்காது. எட்டுக்குப் பத்தையே வாங்குங்கள். ரோலரை மட்டும் நாலு அங்குலத்துக்கு மேல் வாங்க வேண்டாம், கை சீக்கிரம் வலிக்கும்.