பின்கொல்லையில் மீன்குளம் வெட்ட ஆள் பிடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

9,600 டாலருக்குப் பேசி, அதில் 7,800 டாலர் கையைவிட்டுப் போய், கோய் எனும் ஜப்பானிய அலங்கார மீன்கள் 12இல் 11 செத்து, மூன்று வருடமாகக் கொல்லையில் பார்த்துப் பார்த்துப் போட்ட குட்டி ரயில் பாதையில் ஒரு பக்கம் மண்ணுக்குள் இறங்கி நிற்கிறது. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் முக்கியமாகப் படியுங்கள்.

நாங்கள் இருப்பது ஃப்ரீமாண்ட். பக்கத்திலேயே நைல்ஸ் கேன்யனில் பழைய ரயில் ஓடுகிறது, பலர் போயிருப்பீர்கள். 1869இல் கண்டம் தாண்டிப் போட்ட பாதையின் பகுதி அது, அலமீடா ஓடையைத் தாண்டித் தாண்டிப் போகும். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் பையனும் நானும் கொல்லையில் தோட்ட ரயில் போட ஆரம்பித்தோம். ஜி ஸ்கேல் எனும் மாதிரி ரயில் அளவு, 45 மில்லிமீட்டர் இடைவெளியில் பித்தளைத் தண்டவாளம், கீழே கிரஷர் தூள் போட்டு இறுக்கிய படுகை. ஓடை மட்டும்தான் இல்லை. ஒரு குளம், அதில் விழும் சின்ன அருவி, அதன் மேல் ஒரு மரப்பாலம், பாலத்தில் வண்டி போகும்போது கீழே மீன் தெரிய வேண்டும் என்பது பையனின் ஆசை.

தெரிந்தவர் ஒருவர் கொடுத்த எண்ணில் கூப்பிட்டோம். வந்த ஆள் தண்டவாளத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார், இதே மாதிரி ரயிலுக்கு மூன்று குளம் வெட்டியிருக்கிறேன் என்று போனில் படம் காட்டினார். அதில் நான் விழுந்துவிட்டேன். அந்தப் படங்கள் எந்த வீட்டில் எடுத்தவை, அங்கே போய்ப் பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

பாதிப் பணம் முன்னாலேயே கேட்டார், 4,800 கொடுத்தேன். இங்கேதான் முதல் விஷயம். கலிபோர்னியாவில் வீட்டு வேலைக்கு முன்பணமாக 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. சட்டமே அப்படித்தான். எனக்குத் தெரியாது. பாதி கொடு என்று ஒருவர் கேட்டாலே அங்கேயே நிறுத்திவிடலாம். அவர் கார்டில் லைசன்ஸ் எண் இருந்தது, நானும் எண் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். ஒப்பந்ததாரர் உரிம வாரியம், அதாவது சிஎஸ்எல்பி, அதன் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், காசும் கிடையாது. எல்லாம் முடிந்தபின் போட்டுப் பார்த்தேன். வேலை தொடங்குவதற்கு முன்பே காலாவதியான எண்.

பேசியது 12 அடி நீளம், 8 அடி அகலம், 3 அடி ஆழம். கோய் இரண்டடி வளரும் மீன், அந்த ஆழம் இல்லாவிட்டால் கொக்கும் ரக்கூனும் தின்றுவிடும் என்று அவரே சொன்னார். தோண்டும்போது நான் ஆபீசில். மாலை வந்து பார்த்தால் அழகாகக் கல் அடுக்கி, அருவிக் கல் இடுக்கெல்லாம் சிமென்ட் பூசி, தண்ணீர் விட ஆரம்பித்திருந்தார். 2,000 கேலன் என்றார். அடுத்த தவணை 3,000 அன்றே வாங்கிக்கொண்டார். பிறகு வீட்டுத் தண்ணீர் மீட்டரின் கணக்கைப் பார்த்தேன்: 114 கன அடி. 7.48ஆல் பெருக்கினால் சுமார் 850 கேலன். குச்சி விட்டுப் பார்த்ததில் நடுவில் 22 அங்குலம்தான் ஆழம். குளம் நிரப்பும்போது மீட்டரை முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள், யாரும் பொய் சொல்ல முடியாது.

மீன் விஷயம்தான் மனசை விட்டுப் போகவில்லை. தண்ணீர் விட்ட அன்று மாலையே அவர் ஒரு பையில் 12 கோய் கொண்டுவந்து விட்டார். குழாய்த் தண்ணீர் சரியா என்று கேட்டதற்கு, ஒரு ராத்திரி அருவி ஓடினால் குளோரின் பறந்துவிடும் என்றார். எங்கள் ஊர்த் தண்ணீரில் இருப்பது குளோரமைன், அதாவது குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது. அது ஒரு ராத்திரியில் பறந்து போகாது. அதற்கென்று விற்கும் மருந்தை, குளத்தின் சரியான கேலன் கணக்குத் தெரிந்து விட வேண்டும். அதிலும் வெறும் குளோரினை மட்டும் முறிக்கும் மருந்து போட்டால் மிச்சம் அமோனியா தண்ணீரிலேயே நிற்கும். புதுக் குளத்தில் அதைத் தின்னும் பாக்டீரியா உருவாகவே பல வாரம் ஆகும். இது போதாதென்று சரியாகக் காயாத சிமென்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பிஎச் ஏறியிருந்தது. பிஎச் ஏற ஏற அதே அமோனியா இன்னும் கொடிய விஷமாகிறது. கிட் வாங்கிச் சோதித்தபோது நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தைக் காட்டியது. அதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூன்றே நாளில் 11. பையன் ஒவ்வொன்றாக வலையில் எடுத்து ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தான். அந்த ஆளுக்குப் போன் செய்தால், மீனுக்கு கேரண்டி கிடையாது என்றார்.

அப்பா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் குறைகிறது என்று முதலில் சொன்னதும் அவர்தான். நான் வெயிலில் ஆவியாகிறது என்றேன். “டேய், ராத்திரியில ஏதுடா வெயிலு, ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கு பாரு” என்றார். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே மொண்டு பக்கத்தில் வைத்து இரண்டிலும் கோடு போட்டோம். மோட்டாரை நிறுத்திய பிறகும் வாளியில் துளிதான் குறைந்தது, குளத்தில் அதே ஒன்றரை அங்குலம். மோட்டார் ஓடும்போது மட்டும் குறைந்தால் அருவிப் பக்கம் ஒழுகுகிறது, நின்றபோதும் குறைந்தால் அடியில் ஓட்டை. அப்புறம் அவர் டியூபில் தண்ணீர் நிரப்பி, நம் ஊர்க் கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது போலப் பார்த்தார். ரயில் பாதை இருக்கும் கரை மற்ற கரையைவிட மூன்று அங்குலம் தாழ்வு. வழிகிற தண்ணீரெல்லாம் பாதைக்கு அடியில்தான் போயிருக்கிறது. கிரஷர் தூள் கரைந்து, பாலத்தின் கால்கள் சாய்ந்து, வளைவில் வண்டி தடம் புரள ஆரம்பித்துவிட்டது.

கல்லைப் பெயர்த்துப் பார்த்தோம். எழுத்தில் போட்டது 45 மில் கனமுள்ள (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஈபிடிஎம் ரப்பர் ஷீட், மீன்குளத்துக்கென்றே வருவது. உள்ளே இருந்தது கட்டிட வேலைக்குப் போடும் மெல்லிய கருப்புப் பாலித்தீன், அதுவும் இரண்டு துண்டை டேப் ஒட்டி. கீழே மெத்தைத் துணியே இல்லை, கல் முனை குத்தி மூன்று இடத்தில் கிழிசல். 12க்கு 8 குளத்துக்கு மூன்றடி ஆழம் என்றால், நீளத்திலும் அகலத்திலும் ஆழத்தின் இரண்டு மடங்கும் கரைக்கு இரண்டடியும் கூட்டி, 20க்கு 16 அடி ஒரே ஷீட்டாக வர வேண்டும். ஷீட்டை விரிக்கும்போது வீட்டில் இருங்கள், லீவு போட்டாவது இருங்கள்.

இன்னொன்று, நினைத்தாலே பயமாக இருக்கிறது. தண்டவாளத்தில் வருவது குறைந்த வோல்ட் நேர்மின்சாரம், குழந்தை தொட்டாலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் குளத்து மோட்டார் 120 வோல்ட். அதற்கு அவர் சாதாரண ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பாதைக்கு அடியில் புதைத்து, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக்கே இல்லாமல் சொருகியிருந்தார். இரண்டு வாரம் பையன் அந்தத் தண்ணீரில் கை விட்டுக்கொண்டிருந்தான். மண்ணுக்கடியில் கேஸ், மின்சார லைன் எங்கே போகிறது என்று குறித்துத் தரச் சொல்லி தோண்டும் முன் கூப்பிட வேண்டிய 811க்கும் கூப்பிடவில்லை.

சிஎஸ்எல்பியில் புகார் கொடுத்துவிட்டேன். லைசன்ஸ் இல்லாமல் வேலை செய்தவரிடமிருந்து கொடுத்த பணம் முழுவதையும் திரும்பக் கேட்கலாம் என்று இந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். காசோலை நகல், மீட்டர் படம், கிழிந்த பாலித்தீன், மெசேஜ்கள் எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். அங்கே நான் போட்ட வழக்கின் விசாரணை அடுத்த மாதம்.

மிச்சமிருக்கும் ஒரு மீன் கராஜில் ஒரு பெரிய தொட்டியில் இருக்கிறது. பையன் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதுகிறான். குழியை இனி நானும் அப்பாவும்தான் தோண்டப் போகிறோம், முதலில் பாதைப் பக்கத்துக் கரையை உயர்த்திவிட்டு.