வேப்பெண்ணெயா, உரக்கடை மருந்தா, ஸ்பிரிட்டா? தொட்டி ஆர்க்கிட்டில் மாவுப்பூச்சிக்கு எது?

ஆர்க்கிட் இலையின் அடியில் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் வேப்பெண்ணெய் என்பார்கள். உரக்கடைக்காரர், நாம் சொல்லி முடிப்பதற்குள் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி பாட்டிலை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். ஆர்க்கிட் மட்டுமே வளர்ப்பவர்களைக் கேட்டால் மருந்துக்கடை ஸ்பிரிட்டும் பஞ்சும் போதும் என்பார்கள். கோவையில் கிழக்கு பார்த்த பால்கனியில் டென்ட்ரோபியம், கொஞ்சம் ஃபெலனாப்சிஸ் என்று இரண்டு வகை ஆர்க்கிட் வைத்திருக்கிறேன். மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. இப்போது நான் எடுப்பது ஸ்பிரிட்தான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருந்துக்கு முன்னால் பூச்சியைப் பார்த்துக்கொள்வது நல்லது. வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. ஆர்க்கிட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு செதில் பூச்சியின் ஆண்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தேங்காய்த் துருவல் சிந்திய மாதிரி வெள்ளையாகத் தெரியும். விரலால் நகர்த்திப் பாருங்கள். பக்கத்திலேயே வட்டமான, மங்கிய மஞ்சள் நிறச் சில்லுகள் இலையோடு இலையாக ஒட்டியிருந்தால் அது செதில். மாவு பூசிய உடலில் ஓரமெல்லாம் மெல்லிய இழைகளோடு மெதுவாக நகர்ந்தால் மாவுப்பூச்சி. இரண்டும் சாறு உறிஞ்சுபவைதான். ஆனால் செதிலின் ஓட்டுக்குள் மருந்து எளிதில் போகாது. இலை முழுவதும் நுண்புள்ளியாக வெளிறி, அடியில் வலை தெரிந்தால் அது சிலந்திப்பேன். எட்டுக் கால் உள்ள அது பூச்சி இனமே இல்லை, அதன் வைத்தியம் வேறு.

மாவுப்பூச்சி என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழைய பயம் உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது 2008-இல் கோவையில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. எந்த மருந்துக்கும் சரியாக மசியாத அந்தப் பூச்சியைக் கடைசியில் அடக்கியது, 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்துத் தோட்டங்களில் விட்ட ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. வயலில் நடந்தது பால்கனிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அடித்துவிட்டோம், முடிந்தது என்று மாவுப்பூச்சியிடம் சொல்ல முடியாது என்பது இங்கும் பொருந்தும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது விலையோ வேகமோ இல்லை. பூச்சி ஒளியும் இடமும், அதனால் வரும் மறுசுற்றும்தான். ஒரு டென்ட்ரோபியத் தண்டை எடுத்துப் பாருங்கள். பழைய தண்டைச் சுற்றி காய்ந்த வெங்காயத்தோல் மாதிரி ஓர் உறை இருக்கும். வெளியே பார்த்தால் சுத்தமாகத் தெரியும். நகத்தால் கீறி அந்த உறையை மேலிருந்து கீழே உரித்தால், கணு மடிப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஃபெலனாப்சிஸில் உறை கிடையாது. ஆனால் இலை தண்டோடு சேரும் இடுக்கும், பூந்தண்டு புறப்படும் இடமும் இருக்கின்றன. பெரும்பாலான மாவுப்பூச்சிகள் பஞ்சுப் பொதிக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். நம் வெயிலில் அவை ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்து, கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் குஞ்சுகள் ஊர ஆரம்பிக்கும். முட்டைக்குள் இருப்பதை இந்த மூன்றில் எதையும் நம்பி ஒழித்துவிட முடியாது. ஆகவே எதை எடுத்தாலும் வாரம் ஒருமுறை, ஒரு மாதத்துக்குக் குறையாமல் செய்தே ஆக வேண்டும். நாலாவது வாரமும் சலிக்காமல், செடிக்கும் கேடில்லாமல் எதைச் செய்ய முடியும் என்பதுதான் என் கேள்வி.

வேப்பெண்ணெயை முதலில் எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 5 மில்லி, கூடவே சில சொட்டு சோப்பு, பால் மாதிரி கலங்கும்வரை குலுக்கி அன்றைக்கே அடித்துவிட வேண்டும். கலந்து வைத்து மறுநாள் அடிப்பது வீண். இதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் தோலுரிப்பைக் கெடுக்கிறது, சாப்பிடவிடாமலும் செய்கிறது. குஞ்சுகளிடம் நன்றாகவே எடுபடும். வளர்ந்த பூச்சி உடனே சாகாது, நாள் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே அடுத்த வாரம் வந்துவிடும். எண்ணெய் காயாத இலையில் வெயில் பட்டால் கருகும், அதனால் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். சாயங்காலம் அடித்தால் ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் ஈரம் இரவு முழுக்கத் தேங்கும், குருத்து அழுகுவதற்கு அதுவே போதும். அப்புறம் அந்த வாசனை! பால்கனிக் கதவைச் சாத்திவைக்க வேண்டியிருக்கும். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் நானே இன்னும் இதைத்தான் அடிக்கிறேன். ஆர்க்கிட்டுக்கு மனம் வரவில்லை.

இமிடாகுளோபிரிட் வேகமானது, மறுக்கவில்லை. உரக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 17.8 சதவீதத் திரவம். லிட்டருக்கு அரை மில்லிக்குள்தான், அதை அளக்க மருந்துக்கடை சிரிஞ்சுதான் சரி. செடிக்குள் ஊடுருவி, சாற்றோடு பூச்சியின் வயிற்றுக்குப் போவது இதன் பலம். ஒளிந்திருப்பதையும் பிடிக்கும் என்பதால், நான் சொன்ன மறைவிடப் பிரச்சினைக்கு இதுதானே பதில் என்று தோன்றும். மண்ணில் வளரும் செடி என்றால் அது சரி. ஆர்க்கிட் தொட்டியில் இருப்பதோ கரி, தேங்காய் மட்டைத் துண்டு, உடைந்த ஓடு. மேலே ஊற்றியதில் பெரும்பகுதி கீழே வழிந்து பால்கனித் தரைக்குப் போய்விடும். வேரோரம் தங்கி மெதுவாக உள்ளே ஏற மண்ணில் கிடைக்கும் அவகாசம் இங்கே கிடைக்காது. இலையில் அடித்தாலும் மெழுகுப் பூச்சுள்ள தடித்த இலை, உருண்டு ஓடிவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். ஓடு உள்ள அந்தச் செதில் வகைகளிடம் இமிடாகுளோபிரிட் அவ்வளவாக எடுபடாது. சிலந்திப்பேனைக் கொல்லாதது மட்டுமில்லை, இதை அடித்த பிறகு சிலந்திப்பேன் பெருகுவதும் உண்டு. தேனீக்களுக்கு ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டையே தடை செய்த மருந்து இது. பக்கத்து வீட்டு முருங்கைக்கு வரும் தேனீ என் டென்ட்ரோபியம் பூவையும் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுத்தான் போகிறது. அதே பால்கனியில் துணி காயப்போடுகிறோம், குழந்தை விளையாடுகிறது. வாராவாரம் கையுறை மாட்டிக்கொண்டு இதை அடிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி பழகிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்பிரிட். மருந்துக்கடையில் வாங்கும்போது லேபிளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 70 சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த சானிடைசர் ஜெல் வேண்டாம், அதன் பிசுபிசுப்பு இலையில் தங்கிவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துப் பூச்சியின் மேல் வையுங்கள். வெள்ளை மாவு கரைந்து, அடியில் இருக்கும் உடல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகிவிடும். மெழுகு போயிற்று, பூச்சி போயிற்று. இதுதான் வேப்பெண்ணெயில் கிடைக்காத நிம்மதி: பலித்ததா என்று அங்கேயே தெரிந்துவிடும். செதிலுக்கு நனைப்பது போதாது. மென்மையான பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து லேசாகத் தேய்த்து ஓட்டைப் பெயர்த்து எடுக்க வேண்டும். டென்ட்ரோபியத்தில் முதல் சுற்றிலேயே காய்ந்த உறைகளை எல்லாம் உரித்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுவேன். பூச்சிக்கு வீடே இல்லாமல் செய்வதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. பச்சையாக இருக்கும் உறையை மட்டும் தொடுவதில்லை.

ஸ்பிரிட் ஆவியாகிப் போய்விடும், எச்சம் இருக்காது. அதனால்தான் அடுத்த வாரமும் தயங்காமல் எடுக்க முடிகிறது. எச்சம் இல்லாததுதான் குறையும்: இன்று தொடாமல் விட்ட பூச்சிக்கு நாளை ஒன்றும் ஆகாது. எனவே கண்தான் மருந்து அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இலையாகப் புரட்டும்போது புதிய வேர், அழுகல், எறும்பு எல்லாம் கண்ணில் படும். எறும்பு வரிசை தெரிந்தால் பெரும்பாலும் எங்கேயோ மாவுப்பூச்சி இருக்கும். அது சுரக்கும் தேன்பாகுக்காகத்தான் எறும்பு காவல் காக்கிறது. தொட்டி வைத்திருக்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி எறும்பைத் தடுத்தால், மிச்சமுள்ள பூச்சியை எதிரிகள் எளிதாக அணுகும்.

எதிரி என்றதும் ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டு 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கேயே பிழைத்துக்கொண்டது. அதன் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும். மற்றவற்றைவிடப் பெரிதாக, கலைந்த முடியோடு, விறுவிறுவென்று நடந்தால் அதைத் தொடாதீர்கள். தெளிப்பான் அடிப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை.

ஸ்பிரிட்டில் கவனிக்க வேண்டியவை: பச்சை நுனியோடு வளரும் வேரிலும் மொட்டிலும் படக்கூடாது. வெயிலில் சூடான இலையில் வேண்டாம், காலையில் நிழலில் செய்யுங்கள். தீப்பிடிக்கும் பொருள், சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தொட்டிக்குள் ஊற்றவே கூடாது. வேரில் மாவு தெரிந்தால் செடியை வெளியே எடுத்து, கரி மட்டை எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, வேரை நீர்த்த சோப்புத் தண்ணீரில் அலசி, புதிதாக நட வேண்டியதுதான். இதற்குச் சுருக்கு வழி கிடையாது.

எத்தனை தொட்டி என்பது முக்கியம். இருபது முப்பது வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிக்கலாம். நிழல்வலைக்குள் நூறு தொட்டி வைத்திருப்பவரிடம் பஞ்சுக்குச்சியைக் கொடுத்தால் சிரிப்பார். அவருக்கு வேப்பெண்ணெய்த் தயாரிப்பும், தேவைப்படும்போது மாற்றி மாற்றி அடிக்கும் மருந்தும்தான் வழி. பூவுக்குள் புகுந்து இதழைப் பழுப்பாக்கும் இலைப்பேனுக்கும் ஸ்பிரிட் உதவாது, எட்டவே எட்டாது. நான் அந்தப் பூந்தண்டை வெட்டி அப்புறப்படுத்திவிடுகிறேன், பூ விற்பவரால் அப்படிச் செய்ய முடியாது. வாண்டா என்ற ஆர்க்கிட் வகையில் என் அனுபவம் மிகக் குறைவு. தொங்கும் வேர்க்கொத்தில் ஒவ்வொன்றாகத் துடைப்பது நடக்குமா என்று வாண்டா வளர்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

நர்சரியிலிருந்து வரும் புதுச் செடியை நான் ஒரு மாதம் தனியாகவே வைக்கிறேன். வந்த அன்றே காய்ந்த உறைகளை உரித்து, பஞ்சுக்குச்சியால் ஒரு சுற்று. பெரும்பாலும் பூச்சி வீட்டுக்குள் வருவது அந்த வழியாகத்தான்.