டாசிட்டா டீனைப் பின்பற்றி ஏழு வருடம்

நான் ஃபிலிமுக்குத் திரும்பக் காரணம், ஃபிலிமில் படமெடுக்கும் பிரிட்டிஷ் கலைஞர் டாசிட்டா டீன். ஏழு வருடம் ஆகிறது. சொல்லப் பாராட்டும் இருக்கிறது, புலம்பலும் இருக்கிறது.

முதலில் என்னைப் பிடித்தது 2001-இல் அவர் எடுத்த ‘தி கிரீன் ரே’. இரண்டரை நிமிடம், மடகாஸ்கர் கடற்கரையில் சூரியன் மறைகிறது, அவ்வளவுதான். கடைசித் துணுக்கு அமிழும்போது அபூர்வமாக ஒரு பச்சை ஒளி தோன்றும். அதற்காகத்தான் காத்திருந்தார். அங்கே வீடியோ எடுத்த இருவர் உடனே ஓட்டிப் பார்த்து, பச்சையே இல்லை, நீங்களும் பார்த்திருக்க முடியாது என்றார்களாம். பிறகு ஃபிலிமைக் கழுவினால், இருக்கிறது! தனி ஃபிரேமாக நிறுத்தினால் பிடிபடாது, ஓடும்போதுதான் தெரியும்.

அதைப் படித்ததும் என் டிஜிட்டல் கேமராவின் பின்திரையில் கருப்பு டேப் ஒட்டினேன். அப்புறம் ஒரு பழைய 35 மி.மீ. கேமரா வாங்கினேன். ரோலுக்கு 36 படம் என்பதால் கை தானாக நிதானப்பட்டது. இதை எல்லோரும் சொல்வார்கள். நான் எதிர்பாராதது வேறு. முன்பெல்லாம் எடுத்தவுடன், கேமரா முன் நிற்பவர்கள் “காட்டுங்க, எப்படி வந்திருக்கு?” என்பார்கள். பார்த்துவிட்டு அடுத்த படத்துக்கு முகத்தைத் திருத்திக்கொள்வார்கள். இப்போது காட்ட ஒன்றுமில்லை. மூன்றாவது படத்துக்குள் முகம் இளகிவிடுகிறது.

அடி வாங்கியது மறைப்பு வேலையில், அதாவது ஃபிரேமின் ஒரு பகுதியை மூடிவைத்து எடுப்பதில். 2011-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் டர்பைன் கூடத்தில் 13 மீட்டர் உயரத்துக்கு ஓடிய ‘ஃபிலிம்’ படத்தில், கேமராவுக்குள்ளேயே மறைப்புகளை வைத்து, ஒரே சுருளில் பலமுறை ஒளி விழச்செய்து காட்சிகளைச் சேர்த்திருப்பார். நான் லென்ஸுக்கு முன்னால் அட்டையைப் பிடித்தேன். ஓரமெல்லாம் புகைபோல மங்கியது. படச்சுருளை ஒட்டி மறைத்தால்தான் கோடு கூர்மையாக விழும் என்று புரியவே ஒரு வருடம். அதன்பிறகும் சுருளைப் பின்னால் சுற்றும்போது மயிரிழை நகர்ந்து இணைப்பு பிசகும். ஏறக்குறைய நாற்பது ரோலில் உருப்பட்டது மூன்று படம். இடையில் ஒரு லேப் இரண்டு ரோலைக் கெடுத்துத் தந்தது. அதிலிருந்து கருப்பு-வெள்ளையை நானே கழுவுகிறேன்.

ஃபிலிமில் எடுத்ததை ஃபிலிமாகவே திரையிட வேண்டும் என்பதில் டீன் பிடிவாதக்காரர். எனக்கு அந்த வைராக்கியம் இல்லை. நெகட்டிவை ஸ்கேன் செய்து கணினியில்தான் பார்க்கிறேன்.

காசுக்குச் செய்யும் வேலைக்கு இன்றும் டிஜிட்டல்தான். டேப் மட்டும் அப்படியே இருக்கிறது. வாடிக்கையாளர் பக்கத்தில் வந்து நின்றால் பிரிப்பேன், அவர் நகர்ந்ததும் மறுபடி ஒட்டிவிடுவேன்.